அப்பாவைத் தூங்கவிடாத வைத்தியம்

கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்.

அப்பா காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க வேண்டும் என்பதால், இருட்டியதும் படுத்து, சேவலுக்கு முன்னால் எழுந்துவிடுவார். அம்மா இறந்து, தோட்டத்து வீட்டைக் காலி செய்து, பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். யாரும் கூப்பிடாத பெரட்டுக்கு எழுந்து, கோப்பி குடித்துவிட்டு, வாசலைக் கூட்டுவார்.

ஜித்ராவில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணனுக்கு அது வியாதியாகத் தெரிந்தது.

“ஏழு மணிக்கே படுக்கிற மனுசனுக்கு மூளை மழுங்கிடும்டா. டிவி முடியிற வரைக்கும் உக்கார வை. டவுன் பழக்கம் வரணும்.”

அண்ணன் படித்தவர். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

அன்று முதல் அப்பாவின் தலை சாய்ந்தால் பிள்ளைகள் தொடையைத் தட்டினார்கள். “தாத்தா, தூங்காதீங்க, பெரியப்பா ஏசுவாரு!”

“எனக்கு ஒரு எழவும் புரியலலா,” என்பார் அப்பா. மலாய்ச் செய்தி, சீனப் படம், கடைசியில் தேசிய கீதம். அதற்கு மட்டும் உடனே எழுந்து நிற்பார். இனி படுக்கலாம் அல்லவா?

ஆனால் விழிப்பு பழைய நேரத்துக்கே வந்தது. அதைப் பழக்க யாராலும் முடியவில்லை. சில வாரங்களில் கோப்பியில் உப்பைப் போட்டார். என் மனைவியை அம்மாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கடைக்குப் போனவர், வீடு தெரியாமல் அடுத்த வீட்டு வரிசையில் நின்றார்.

அண்ணன் வந்து பார்த்தார். “நான் சொன்னேன்ல? ஆரம்பிச்சிருச்சு.” முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருப்பதாகவும், அடுத்த மாதம் வந்து அழைத்துப் போவதாகவும் சொன்னார். அப்பா நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

அந்த வாரம் இடி விழுந்து டிவி புகைந்தது. ரிப்பேர் கடைக்காரர் நாள் தவறாமல் “நாளைக்கு லா” என்றார். உட்கார்ந்து பார்க்க எதுவும் இல்லாததால் அப்பா இருட்டியதும் படுத்தார். பகலில் தூங்கி விழுவது நின்றது. கோப்பியில் மறுபடி சீனி விழுந்தது.

என் மனைவி சோதித்துப் பார்த்தாள். “மாமா, என் பேரு என்ன?”

“ஏம்மா, உனக்கே மறந்துபோச்சா?”

சொன்னபடி ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் துணிப்பை வாசலில் தயாராக இருந்தது.

“வாப்பா,” என்றார் அப்பா. “உன் சின்ன மவனுக்குப் பல்லு புடுங்கியாச்சா? போன தடவை சொன்னியே. ஏதோ முதியோர் வீடுன்னும் சொன்னே. நான் வரல.”

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“பாத்தியாடா? டிவி பாக்க வெச்சோம், மூளை எப்படித் தெளிஞ்சிருச்சு! இவருக்கு எதுக்கு இல்லம்? இங்கயே இருக்கட்டும்.”

உள்ளே என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். டிவி இன்னும் ரிப்பேர் கடையில் கிடக்கிற உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும், பை காடியில் ஏறும்.

“ஆமாண்ணே,” என்றேன். பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா இன்றும் எங்களோடுதான் இருக்கிறார், இருட்டியதும் தூங்குகிறார். ஜித்ராவில் அண்ணன் தம் மாமனாரை டிவி முன்னால் உட்கார வைத்திருப்பதாகக் கேள்வி.

14 மே 1989