இரவல் மூச்சு

அவர் இறந்த செய்தியை ஓர் ஆங்கில நாளிதழ் நான்கு வரிகளில் முடித்திருந்தது. நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் வானொலி அறிவிப்பாளராகத் தொடங்கியவர், திரைப்படங்களில் நடித்தவர், மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவர், பிரசவத்தில் உள்ளுறுப்புக் கிழிந்து சிறுநீர் கட்டுப்படாமற்போன பெண்களுக்காக ஓர் இல்லத்தை நடத்தியவர். வரிசையிலும் செய்தியிலும் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய கடைசி வேலை நைஜீரியாவில் நடக்கவில்லை. ஜேர்மனியின் எசன் நகரில், எங்கள் வீட்டின் பின்னறையில், திறந்து வைத்த உடுப்பு அலுமாரிக்கு முன்னால் நடந்தது. அதை அறிந்திருந்த என் மனைவியும் இப்போது உயிருடன் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

நான் ஒலியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். ஓய்வு பெறும்வரை இந்நாட்டின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையமொன்றில் ஒலித்தொகுப்பாளராக இருந்தேன். அவர் இளவயதில் அங்கே பயிற்சிக்கு வந்தார். அதன்பின் அவருடைய வாழ்வு மாறிய ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். கொடிய மாமியாராக நடித்த படம் வெளியானபின் சந்தையில் பெண்கள் தமக்குத் தக்காளி விற்க மறுத்ததாகச் சொன்னார். சட்டமன்றத்தில் முதல்நாள் பேச எழுந்தபோது, 'மாமியார் வந்துவிட்டார், மருமகள்களை ஒளித்துவையுங்கள்' என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் கத்தியதையும் சொன்னார். அந்த மனிதரின் தொகுதியிலிருந்துதான் இல்லத்துக்கு முதல் நோயாளி வந்தாள் என்று பின்னொருநாள் சிரிப்பின்றிச் சொன்னார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், நுரையீரலில் புற்றுநோயோடு சிகிச்சைக்காக எசனுக்கு வந்தார். மருத்துவமனையில் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் தங்கினார். அவர் பேசியது ஆங்கிலமும் பயிற்சிக்காலத்தில் கற்ற ஜேர்மனும். பின்னாளில் நானும் மனைவியும் அவற்றைப் பேசிப் பேசி அவருடைய சொற்களும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே என் நினைவில் தங்கிவிட்டன, அப்படியே எழுதுகிறேன்.

மனைவி அவரை 'அக்கா' என்றாள். அவர் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்து, 'அப்ப நான் உன்னை அதட்டலாம்' என்றார்.

"அதட்டுங்கோ. உங்கட படத்தைப் பாத்தபிறகு என்ர மாமி தெய்வம் எண்டு விளங்கிச்சு."

"உயிரோடை இருக்கிறாவோ?"

"இல்லை, அக்கா. அதுதான் தெய்வம் எண்டனான்."

இருவரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு இருமலில் முடிந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தவள். அன்று சமையலறையில் என்னிடம், "இந்த மூச்சை நான் வேலையிலை கேட்டிருக்கிறன். கன நாள் போகாது" என்றாள்.

மருத்துவர்களும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீடு திரும்பியதும் என்னை அழைத்து ஒரு வேலை தந்தார்.

அவருடைய இல்லம் அரசுக் கட்டடத்தில் இருந்தது. குத்தகை முடியும் தறுவாய். அந்த நிலத்தைத் தங்களுக்கென்று கேட்பவர்கள் ஆளுங்கட்சியிலேயே இருந்தார்கள். அவர் திடமாக இருக்கிறார் என்று மாநிலம் நம்பும்வரை அவரை எதிர்க்க அஞ்சுவார்கள். சாகப்போகிறார் என்று தெரிந்த மறுநாள் நோயாளிகள் தெருவில் நிற்பார்கள். ஒவ்வொரு கிழமையும் அங்குள்ள வானொலியில் பெண்களுக்காகப் பேசுவது அவருடைய நெடுநாள் வழக்கம். தலைநகரில் அலுவலாக இருப்பதாக ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார். குத்தகை கையெழுத்தாகும்வரை அந்தக் குரல் வழமைபோல ஒலிக்க வேண்டும். இல்லத்தைத் தமக்குப்பின் தலைமைத் தாதியிடம் ஒப்படைப்பது அவருடைய முடிவு. உண்மை அங்கே அந்தத் தாதிக்கு மட்டுமே தெரியும்.

அலுமாரிக் கதவுகளைத் திறந்து, குளிர்காலக் கோட்டுகள் தொங்க, அவற்றின் நடுவே ஒலிவாங்கியை நிறுத்தினேன். துணி எதிரொலியை விழுங்கும். வீதியில் டிராம் போகும்போதெல்லாம் கை உயர்த்துவேன். அவர் வாக்கியத்தின் நடுவிலேயே நின்று, அது போனபின் அதே சுருதியில் தொடர்வார். அந்தப் பயிற்சி அவரைவிட்டுப் போகவில்லை. மூச்சுத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை, கீறலான ஒலியோடு இழுத்தார். மனைவி பக்கத்தில் தண்ணீரோடு அமர்ந்திருந்தாள்.

அவர் பேசிய இக்போ மொழி எனக்குத் தெரியாது. வாக்கியம் எங்கே முடிகிறதென்பதைக் குரல் இறங்கும் விதத்தால் மட்டுமே அறிந்தேன். கணினியில் ஒவ்வொரு மூச்சாக வெட்டி நீக்கி, முதற் பேச்சை அவருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"இது ஆர், டொக்டர்? பிணம் கதைக்கிற மாதிரி இருக்கு. மூச்சே இல்லை."

உண்மைதான். மூச்சில்லாத பேச்சைக் காது நம்பாது. அவர் தம்மோடு முந்தைய ஆண்டுகளின் பேச்சுகள் சிலவற்றை வட்டுகளில் கொண்டுவந்திருந்தார். அவற்றிலிருந்து அவருடைய மூச்சுகளைப் பிரித்தெடுத்தேன்: கோபத்துக்கு முன் எடுத்தவை, நகைச்சுவைக்கு முன் எடுத்தவை, சாதாரணமானவை. அவற்றில் அந்த ஊர் நிலையத்தின் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை அடக்கி, எங்கள் அலுமாரியின் அமைதியோடு பொருத்தினேன். நோயுற்ற சொற்களுக்கிடையே நலமான மூச்சு. இம்முறை கடைசிவரை கேட்டார்.

"போன வருசத்து என்ர மூச்சை எனக்கே விக்கிறியள்" என்றார். பிறகு, "நல்லா இருக்கு. இந்த இழுப்போடை பதிஞ்சது எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்கோ" என்றார்.

ஓமென்றேன். அழிக்கவில்லை. மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதே என்பதுதான் நான் அத்தொழிலில் முதலில் கற்றது. வேறு நோக்கம் எனக்கு இருக்கவில்லை.

குரல் தளரும்வரை பதிந்தோம். நான் இணையத்தில் அனுப்பிய பேச்சைத் தாதி ஒவ்வொரு கிழமையும் வட்டில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோனார். குத்தகை புதுப்பிக்கப்பட்டது. செய்தி வந்த அன்று அவர், மனைவி சமைத்த இறால் குழம்பில் இரண்டு கவளம் உண்டார். ஊரில் சாக விரும்பினார். மருத்துவர்கள் தடுக்கவில்லை. டியூசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி மனைவியின் முகத்தை இரு கைகளாலும் பிடித்தார். பேச அவருக்கு ஏலவில்லை.

யாருக்கும் தெரியாமல் இல்லத்துக்கே போய்ச் சேர்ந்து, சில நாட்களில் தாதியின் பராமரிப்பில் இறந்தார். அன்று காலைதான் வானொலியில், முன்பே அனுப்பியிருந்த அவருடைய பேச்சு ஒன்று, உரமான குரலில், மாமியார்களைக் கிண்டல் செய்து போயிருந்தது.

அதன் விளைவை நாங்கள் மூவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. காலையில் அப்படிப் பேசிய பெண் மாலையில் எப்படிச் சாவாள் என்று ஊர் கேட்டது. குத்தகை கைக்கு வந்ததும் தாதி நஞ்சு கொடுத்துவிட்டாள் என்றார்கள். நிலத்தைக் கேட்டவர்கள் அதை உரக்கச் சொன்னார்கள். வாசலில் கூட்டம் நின்றது. கணவன்மாரும் தமையன்மாரும் வந்து நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களையும். தாதி ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்து எனக்குத் தொலைபேசினார்.

"ஆஸ்பத்திரிக் கடதாசியெல்லாம் காட்டினேன், ஐயா. கடதாசியை யாரும் எழுதலாம் என்கிறார்கள். அவர் குரலைத்தான் நம்புகிறார்கள். அவர் உண்மையில் எப்படிப் பேசினார் என்பது உங்களிடம் இருக்கிறதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தொலைபேசியை வைத்ததும் மனைவி கேட்டாள்: "என்னத்தை யோசிக்கிறியள்?"

"அழிக்கச் சொன்னவ. அந்த இழுப்பும் இருமலும் ஊர் முழுக்கக் கேட்கவேண்டாம் எண்டுதானே."

"அவவுக்கு இனி என்ன, இஞ்சருங்கோ? சனம் அவவைத் தூக்கி எறியப் போகுதோ? அங்கை ஒருத்தி ஒளிச்சிருக்கிறாள். அந்தப் பெட்டையள் நாறிக்கொண்டு வீட்டுப் பின்கோடிக்குள்ளை கிடக்குதுகள். அக்கா இருந்தால் தானே அதைக் கொண்டுபோய் றேடியோவிலை போட்டிருப்பா."

"நீர் அவவுக்குத் தண்ணி குடுக்கிறதும் அதிலை கேக்கும்."

"கேக்கட்டும்."

அன்றே கடைசிப் பதிவை, ஒரு மூச்சும் நீக்காமல், அனுப்பினேன். டிராமுக்காக அவர் நிற்கும் இடங்களும், இருமலும், 'குடியுங்கோ அக்கா' என்ற மனைவியின் குரலும் அதில் இருந்தன. அவர் பேசும் வழக்கமான நேரத்தில், வழக்கமான நீளத்துக்கு, அந்த நிலையம் அதை ஒலிபரப்பியது.

சில கிழமைகளின்பின் தாதி மீண்டும் அழைத்தார். சந்தையில் விற்பனையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். நடுவிலேயே சிலர் வானொலியை மூடிவிட்டார்களாம். நஞ்சுப் பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் முந்தைய பேச்சுகள் பொய் என்று பலர் சினந்தார்கள். அவருடைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கிய வீடுகளும் உண்டு. இல்லம் திறந்திருந்தது. கூட்டிச் செல்லப்பட்ட பெண்களைத் தேடித் தாதி ஊரூராகப் போனார். பெரும்பாலோர் திரும்பினார்கள். சிலரைக் குடும்பத்தார் அனுப்பவில்லை. ஒருத்தி, தாதி போய்ச் சேர்வதற்கு முன், கணவன் வீட்டின் பின்புறக் கொட்டிலில் காய்ச்சலில் இறந்திருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. அறுவை சிகிச்சை வரிசையில் அடுத்ததாக இருந்தவள் அவள்தான்.

நான் தொலைபேசியை வைத்தேன். மனைவி கதவருகே, வேலைக்குப் போகக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பெட்டையள் எல்லாரும் திரும்பி வந்திட்டினமோ?"

"ஓம்," என்றேன். "எல்லாரும்."

"அப்ப அக்காவுக்குச் சரி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னர் பலமுறை அவள் அதைப் பிறரிடம் மகிழ்ச்சியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் கடைசி மாதத்திலும் ஒருமுறை சொன்னாள். நான் திருத்தவில்லை.