சிதம்பரத்தில் வாங்கிய நாலு டயர்

என் காரின் நாலு டயரும் மொட்டைத் தலைபோல் வழவழவென்று தேய்ந்துவிட்டன. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மனைவியின் தம்பியே டயர் கடை வைத்திருக்கிறான். வாய்க்கு வாய் ‘மாமா’ என்பவன். ஆனால் மச்சானிடம் பேரம் பேச முடியுமா? அவன் சொல்லும் விலையைச் சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அதனால் வீட்டில் சொல்லாமல், அதே டயர்களோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிதம்பரம் போனேன்.

அங்கே ஒரு கடையில் ஆசை தீரப் பேரம் பேசினேன். விலை படிந்ததும் கடைக்காரர், “இந்த சைஸ் இப்ப ஸ்டாக் இல்ல சார். கடலூர்ல நம்ம ஃபிரண்டு கடையிலேர்ந்து வருது. கொஞ்ச நேரம் உக்காருங்க” என்றார்.

வந்து நின்ற வேனிலிருந்து டயரோடு இறங்கியவன் என் மச்சான்.

ஒளிய இடமில்லை. என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான். நாலையும் அவனே மாட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழமும் வைத்தான். நான் வண்டியைக் கிளப்பியதும் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

“அக்காவக் கேட்டதா சொல்லுங்க சார்.”

இப்போது காற்றடிக்கக்கூட அவன் கடைக்குத்தான் போகிறேன். அவன் இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறான்.