மூன்றாவது சினை ஊசி

எங்கள் ஜெர்சி மாட்டுக்கு இரண்டு தடவை சினை ஊசி போட்டும் கரு நிற்கவில்லை. "மலட்டு மாடுமே இது. இந்த வாட்டியும் நிக்கலன்னா அடிமாட்டு வண்டில ஏத்திடறேன்," என்றார் என் வீட்டுக்காரர். மலடு என்ற சொல்லை ஏழு வருஷம் என் காதால் கேட்டவள் நான்.

அடுத்த முறை விடிந்ததுமே மாடு சினைக்குக் கத்தத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். விட்டால் இன்னும் மூன்று வாரம், வீட்டுக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார். மத்தியானம் ஊசிக்காரர் பைக்கில் நைட்ரஜன் கேனோடு வந்தார். மூடியைத் திறந்து, உறைந்த விந்து அடைத்த குச்சிகள் இருக்கிற குவளையைத் தூக்கினார். செல்போன் அடித்தது. குவளையை வெயிலில் பிடித்தபடியே எவனோடோ பேசினார். பேசி முடித்து உள்ளே விட்டார், மறுபடி தூக்கி ஒன்றை உருவினார்.

இரண்டாவது ஊசி பொய்த்தபோது மாட்டாஸ்பத்திரி டாக்டரை விடாமல் கேட்டிருந்தேன். முறையாக உறைய வைத்தால் விந்தணு சாகாது, தூங்கும் என்றார். கொஞ்சம் இளகி மறுபடி உறைந்தால்தான் வினை. அதற்குள் இருக்கிற தண்ணீர் முள் முள்ளாய்ப் பனிக்கட்டியாகி, மேல்தோலைக் கிழித்துவிடுமாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்த தக்காளி தொளதொளவென்று தண்ணீர் விடுகிறதே, அதே கதை.

"போடாத அண்ணாத்த, அது செத்துப்போச்சு," என்றேன்.

"இன்னாக்கா, எனக்கே பாடம் எடுக்கிறியா? பதினஞ்சு வருஷமா போட்டுகினு கீறேன்."

"போன ரெண்டு வாட்டியும் போன் பேசிகினேதான் போட்ட. பழிய மாட்டு மேல போட்டுட்டுப் போயிட்ட."

வீட்டுக்காரர், "வுடுமே, போடட்டும்," என்று இழுத்தார். நான் மாட்டுக்குப் பின்னால் போய் மறித்து நின்றேன். நகரவில்லை. ஊசிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

ஸ்கூட்டியில் செய்யூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ஏதோ ஊருக்குப் போயிருந்தார். சோறு தண்ணீர் இல்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலரைக்கு வந்தவரைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் தன் கேனிலிருந்து குச்சியைச் சட்டென்று உருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் வைத்துப் போட்டார்.

மூன்று மாசம் கழித்து அவரே வந்து கையை விட்டுச் சினை பார்த்தார். வீட்டுக்காரர் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சினைதாம்மா," என்றார் டாக்டர்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்," என்றேன். "வாசல் வரைக்கும் கேக்கற மாதிரி."