மண்டபத்தில் மட்டும் குறைந்த வலி

சில வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்ன மண்டபத்தில் நடந்தது இது. முழங்கால் வலிக்கான புதிய உடற்பயிற்சி ஒன்றைப் பற்றி, பிசியோதெரபி படித்த ஒரு பெண், டாக்டர் பட்டத்துக்காக, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வாராவாரம் பஸ்ஸில் வந்து பயிற்சி கொடுப்பார். முடிந்ததும், வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

எங்கள் தெருப் பெண்களுக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போயிற்று. ஒருத்தி தயிர்சாதம் கட்டிக்கொடுப்பாள், இன்னொருத்தி தலையில் பூ வைத்துவிடுவாள். வலி மார்க்கும் வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் வீட்டில் மாடிப்படி ஏறும்போது என் மனைவி போடும் சத்தம் மட்டும் இறங்கவே இல்லை. கேட்டால், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்பாள்.

ஆராய்ச்சி முடிந்தது. முடிவு பிரமாதம். பெங்களூரில் நல்ல வேலை காத்திருந்தது, பட்டம் வந்ததும் சேர வேண்டியதுதான். அந்தச் சந்தோஷத்தில் ஸ்வீட் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து, மாடியில் துணி உலர்த்தப் போன என் மனைவி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? வலி ரெண்டு மார்க்குதான்னு சொன்னீங்களே?"

என் மனைவி அசடு வழிந்தாள். "அவ்வளவு தூரத்துலேருந்து வர்றே. குறையலைன்னு சொல்ல மனசு வரலை கண்ணு. நாங்க எல்லாருமே அப்படித்தான் பேசி வச்சுக்கிட்டோம்."

முதலில் சிரித்துவிட்டார். பிறகு முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கும்மா தெரியப்போவுது? நாங்க வாயே திறக்க மாட்டோம்" என்றாள் என் மனைவி.

"இதை நம்பி எங்கேயோ ஒருத்தர் வைத்தியத்தையே நிறுத்திட்டா என்னம்மா பண்றது?"

அடுத்த வாரம் தன் பேராசிரியரோடு மண்டபத்துக்கு வந்தார். செம டோஸ் விழப்போகிறது என்று பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "தப்பு உங்க மேல இல்லைங்க. பயிற்சி கொடுத்த நானே மார்க்கும் கேட்டிருக்கக் கூடாது" என்றார். சந்தேகமான சிலரை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமே என்று பேராசிரியர் இழுத்தார். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பெங்களூர் வேலை கைவிட்டுப் போனது. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த முறை உறையூரில், ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேருக்கு மட்டும் பயிற்சி. யார் பயிற்சி செய்தார்கள், யார் செய்யவில்லை என்றே தெரியாத வேறொருவர் மார்க் கேட்டார். எல்லாம் முடிந்ததும், எங்களுக்கும் முடிவைச் சொல்ல அந்தப் பெண் மறுபடி பஸ் ஏறி வந்தார். அவர் வரவேண்டிய அவசியமே இல்லை.

"கொஞ்சம்தான் குறையுது. ஆனா நிஜமாவே குறையுது" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

இன்றும் தினமும் காலையில் அந்தப் பயிற்சியைச் செய்கிறாள். படி ஏறும்போது சத்தமும் போடுகிறாள், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. முழுசாகக் குணமாகும் என்று டிவியில் தைலம் விற்பவர்கள் எத்தனையோ பேர் சத்தியம் செய்கிறார்கள். நான் நம்புவது, நல்ல வேலையை விட்டுக்கொடுத்து அந்தப் பெண் எங்களுக்குக் கொண்டுவந்து தந்த அந்தக் 'கொஞ்ச'த்தைத்தான்.