பிடி அரிசியை வேண்டாம் என்றவன்

கிறிஸ்தவ ஊழியத்துக்கு நிதி திரட்டுவது எப்படி என்று பேச இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் வெட்கமில்லாமல் போகிறேன். கொடுத்தவருக்கு அந்த வாரத்திலேயே நன்றி சொல்லுங்கள், கேட்பதற்கு மட்டும் போய் நிற்காதீர்கள், ஒரே ஆளை நம்பியிருக்காதீர்கள் என்கிறேன். எல்லாரும் குறிப்பெடுக்கிறார்கள். இன்னொரு பழக்கம் இருக்கிறது. கொடுக்க வருகிறவரை வேண்டாம் என்று தடுக்காதீர்கள் என்பது அது. அதை நான் கற்றது இப்படித்தான்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சிறு சபை; நான்தான் பாஸ்டர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சபைக் கட்டடத்திலேயே பகல் சாப்பாடு போட்டுவந்தோம். அம்மாக்கள் கொழுந்து எடுத்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பச் சாயந்தரம் ஆகிவிடும். அதுவரை பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். அரிசி கொடுத்தது அந்த அம்மாக்களேதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுவார்கள். கோயிலுக்குப் போகிற வீடுகளும் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தனுப்பும். சம்பா, நாட்டரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று வெந்தால் இன்னொன்று வேகாது. சமைப்பது என் மனைவி, திட்டு வாங்குவது நான்.

பிறகு வெளிநாட்டுச் சபை ஒன்று மாதாமாதம் பணம் அனுப்பி உதவ முன்வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹட்டன் நகரக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக ஒரே ரக அரிசி வந்து இறங்கியது. அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் பெருந்தன்மையாகச் சொன்னேன்: "இனிமே யாரும் அரிசி கொண்டுவர வேணாங்க. ஒங்க வீட்டுக்கே வச்சுக்கங்க." அவர்கள் பாரத்தைக் குறைத்துவிட்டதாக நினைத்தேன். மடையன்.

சில மாதங்களில் சாப்பிட வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். மழை, பரீட்சை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு வீட்டுக்குக்கூடப் போய் விசாரிக்கவில்லை. இரண்டாம் வருடம் வெளிநாட்டு உதவி நின்றது. அரிசி விலை ஏறிக் கிடந்த நேரம். பயந்துபோய் லயத்துக்கு ஓடினேன். முதலில் போனது, முன்பு ஒரு ஞாயிறும் தவறாமல் அரிசி கொண்டுவந்த அக்காவின் வீட்டுக்கு. பழையபடி பிடி அரிசி தர முடியுமா என்று கேட்டேன்.

"நீங்கதானே வேணாம்னீங்க பாஸ்டர்," என்றார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதாங்க்கா சொன்னேன்."

"கஷ்டமா? எங்க புள்ளைகளுக்கு நாங்களே சோறு போடுறோம்னு இருந்திச்சு. நீங்க அப்படிச் சொன்னதும் அது தர்மச் சோறாப் போச்சுங்க. அதான் எம் மகள அனுப்பல."

"அப்ப பகல்ல புள்ள என்ன சாப்பிடுது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் மலையில இருந்து வர்ற வரைக்கும் ஒன்னுமில்லிங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா என்னைத் தேற்றி, குடிக்கப் பாலில்லாத பிளேன் டீ கொடுத்தார். ஆனால் அவர் வீட்டிலும் அப்போது ஒரு பிடி எடுத்துவைக்க வழியில்லை. மற்ற வீடுகளிலும் அதே நிலைமை. மாதக் கடைசியில் சாப்பாட்டை நிறுத்தினோம். மிச்சமிருந்த அரிசியை நானே சுமந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கும்பிட்டுவிட்டு, வேண்டாம் என்றார்.