முல்ஹிம் வீட்டுச் சுவரில் ஆறு ஓம்

ஈராக்கின் அமாரா நகரில் எங்கள் தெருவில் பத்து வீட்டுச் சுவர்களிலாவது ராஜிஹாவின் கரிக்கணக்கு இருக்கும். மின்பெட்டிக்குப் பக்கத்தில் இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று கிறுக்கி, கீழே வகுத்துப் பெருக்கியிருப்பாள். சுவரைப் பாழாக்குகிறாள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அழிக்கத்தான் யாருக்கும் மனம் வந்ததில்லை. ஆண்கள் வெளியே போன வீட்டில் மின்வேலைக்கு அந்நிய ஆணைக் கூப்பிட முடியாத பெண்களுக்கு, கைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பவள் அவள் ஒருத்திதான்.

அந்த ஆகஸ்ட் நண்பகலில் அவளை அழைத்தது முல்ஹிம்மின் மனைவி. மாமனார் ஹாதிஃபுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் இயந்திரத்தின் தயவில்தான் மூச்சே. அரசாங்க மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. காசு வாங்கி வீடுகளுக்கு ஆம்பியர் கணக்கில் மின்சாரம் தரும் தெரு ஜெனரேட்டரில் ஓடிய இயந்திரமும் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுப் போட்டாலும் கிளம்பும்போதே அணைந்தது. கையிருப்புச் சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

எங்கள் ஊரில் எந்த மின்கோளாறுக்கும் ஒரே வைத்தியம், ஜெனரேட்டர்காரரிடம் இன்னும் இரண்டு ஆம்பியர் வாங்குவது. முல்ஹிம்மும் மூன்றை ஐந்தாக்கி, அந்தத் தெம்பில் ஏர்கூலரையும் ஓடவிட்டிருந்தான். நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம். ஜெனரேட்டர்காரர் ஃபாலிஹ் ஏமாற்றுகிறார், அவர் கேபிளை வெட்டப்போகிறேன் என்று கட்டிங் பிளேயரோடு வாசலில் குதித்துக்கொண்டிருந்தான்.

ராஜிஹா வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடச் சொன்னாள்.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுது, நீங்க துணி தேய்க்கப் போறீங்களாக்கா?"

"ஆமா, உன் சட்டையும் கசங்கித்தான் இருக்கு. பேசாம வா."

இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கம்பத்தடிப் பெட்டியில் அளந்தாள், 220 வோல்ட். வீட்டுக்குள் 190. ஓடிய மின்சாரம் சரியாக ஐந்து ஆம்பியர். ஃபாலிஹ் பாவம், ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தார். சுவரில் கரி ஓடியது. வழியில் காணாமல் போனது முப்பது வோல்ட். ஐந்தால் வகுத்தால் ஆறு ஓம்.

"இந்தக் கம்பிக்கு அரை ஓம்கூட ஆகாது. முப்பதை அஞ்சால பெருக்கு, நூத்தம்பது வாட். அவ்வளவும் எங்கயோ ஒரு இடத்துல எரியுது. நீ எவ்வளவு அதிகமா இழுக்கிறியோ அவ்வளவு அதிகமா அங்கேயே போகும்."

இருவரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இணைப்பில் டேப் உருகிக் கருகியிருந்தது. உள்ளே செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் வெறுமனே முறுக்கிவிட்டிருந்தார்கள். முல்ஹிம் கையிலிருந்த பிளேயரைக் கீழே வைத்தான். போன கோடையில் தொட்டியை நகர்த்தியபோது அதை முறுக்கியவன் அவனேதான்.

ராஜிஹா அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கம்பத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்து, கருகியதை வெட்டி எறிந்து, புதுக் கம்பி இழுத்து இறுக்கினாள். சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டபோது இயந்திரம் கிளம்பி, சீராக ஓட ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கோளாறு எங்கே என்று கேட்டார் ஹாதிஃப்.

"மாடியில பெரியப்பா. வெயில்ல கருகிடுச்சு," என்றாள் ராஜிஹா.

முல்ஹிம் தலையைத் தூக்கவில்லை. "வெயில் இல்லப்பா. நான் போட்ட முடிச்சு."

அடுத்த பெருநாளுக்கு அவன் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தான். மின்பெட்டி பக்கத்தில் கரியில் எழுதிய அந்த மூன்று வரிகளை மட்டும் தொடாமல் விட்டுவிட்டான்.