புதூருக்கு அக்கரை எது?

போன வாரம் தெரியாத்தனமாக போனில் அந்தப் பழைய கார்ட்டூனைத் திறந்துவிட்டேன். இருபத்தைந்து வருஷம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த ‘புதூர் பொன்னையா’. யாரோ புண்ணியவான் மொத்தத்தையும் ஏற்றி வைத்திருக்கிறான். கீழே நானூறு கமெண்ட். புதூர் எந்த மாவட்டம் என்று அடித்துக்கொள்கிறார்கள். அடக் கடவுளே, இன்னுமா இது முடியவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு அந்தக் கார்ட்டூன் தெரியாமல் இருக்கலாம். பொன்னையாவின் ஊர் புதூர். தமிழ்நாட்டில் தாலுகாவுக்கு நாலு புதூர் இருக்கிறது, எதுவென்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். பஸ் வந்தால் ஊர்ப் பெயரின் மேல் ஆயுதபூஜை மாலை தொங்கும், வருஷம் பூரா. மைல்கல்லைக் காட்டினால் அதன்மேல் ஒரு ஆடு உட்கார்ந்திருக்கும். பொன்னையா பெண்டாட்டி வாராவாரம் “அக்கரைக்குப் போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிடுவாள். எந்த ஆற்றுக்கு அக்கரை? கேட்காதீர்கள்.

அக்கரை என்றாலே எனக்கு மணப்பாறை முறுக்கு வாசனைதான் வருகிறது. அப்போது திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு ஆபீசில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேர். பாலக்கரை ஆரோக்கியம் முறுக்குப் பொட்டலம் பிரிப்பார். ஸ்ரீரங்கத்துச் சடகோபன் புளியோதரை டப்பாவைத் திறப்பார். நான் ஜீயபுரத்திலிருந்து தினம் இடிபட்டு பஸ்ஸில் வருகிறவள், நிம்மதியாகச் சாப்பிட விட்டால் போதும் என்று இருப்பேன். விட்டால்தானே.

ஆரோக்கியத்துக்கு அந்தப் புதூர் முசிறி. அவர் அம்மா ஊர். சடகோபனுக்கு அது ஸ்ரீரங்கம்தான், வேறு ஊர் உலகத்தில் உண்டா என்ன? ஒவ்வொரு வாரமும் கார்ட்டூனில் தூரத்தில் ஒரு முக்கோணம் தெரியும்.

“கோபுரம் தெரியறதே, அதுக்கு என்ன சொல்றீர்?” என்பார் சடகோபன்.

“அது கோபுரம் இல்ல சார், மலை.”

“மலைக்குக் கலசம் உண்டா ஓய்?” என்று டப்பா மூடியால் மேஜையைத் தட்டுவார்.

திங்கட்கிழமைதோறும் இதே வசனம், இதே வரிசை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரும் ஒரே பிரிவு, ஒரே பதவி உயர்வுக்குப் போட்டி. மற்ற நாளில் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். அந்த முக்கோணம் இல்லாவிட்டால் எங்கள் மேஜையே கிடையாது.

ஒருநாள் அந்தக் கார்ட்டூனை வரைந்தவர் டவுனில் ஒரு மண்டபத்துக்கு வருகிறார் என்று தெரிந்தது. இன்றோடு ஒழிந்தது சனியன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று பாஸ் வாங்கினேன். ஆரோக்கியம் ஸ்கூட்டரில் போய்ச் சடகோபனைக் கூட்டிவர வேண்டும், நான் மண்டபத்து வாசலில் நிற்பேன் என்று ஏற்பாடு. புத்தி கெட்டுப்போய் நானே சொன்னேன்: “ரெண்டு பேரும் நாலு மணிக்கு காவேரிப் பாலத்துக்கு அக்கரை முனையில சந்திச்சுக்குங்க.”

பாலக்கரைக்காரருக்கு அக்கரை என்றால் ஸ்ரீரங்கம். அங்கே போய் நின்றார். ஸ்ரீரங்கத்துக்காரருக்கு அக்கரை என்றால் திருச்சி. ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து இந்தப் பக்கம் வந்து நின்றார். மூன்று பேரிடமும் செல்போன் கிடையாது. இரண்டு மணி நேரம் ஆளுக்கொரு கரையில் நின்று, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் தனியாக உள்ளே போனேன். கோபத்தில் நேராகக் கார்ட்டூன்காரரிடமே போய் நின்று, “அது எந்த ஊருங்க, சொல்லித் தொலைங்க” என்றேன். பாவம், மனிதர் பயந்துவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜீயபுரம்ங்க. சின்ன வயசுல லீவுக்கு மாமா வீட்டுக்கு வருவேன்.”

“அந்த முக்கோணம்?”

“வைக்கோல் போருங்க.”

என் ஊர்! தினம் நான் பஸ் ஏறும் ஊர். அத்தனை திங்கட்கிழமையில் இரண்டு பேரில் ஒருத்தராவது “உங்க ஊரா இருக்குமோ மேடம்” என்று கேட்டார்களா? மறுநாள் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் ஆபீசுக்குப் போனேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு மேஜையில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சனிக்கிழமை வரை அப்படியே. ஆசைப்பட்ட நிம்மதி கிடைத்தது, சாப்பாடுதான் இறங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆரோக்கியம் முறுக்கோடு எழுந்து வந்து, “நேத்து பார்த்தீங்களா சார், மலை நல்லாத் தெரிஞ்சுது” என்றார். சடகோபன் மூடியைத் தட்டினார். நான் வாயை மூடியவள்தான். பதவி உயர்வு வந்தது, ரிட்டயர்மென்ட் வந்தது, சண்டை வாட்ஸ்அப்புக்குப் போனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன ஆவணியில் சடகோபன் ஆசாரியன் திருவடி சேர்ந்துவிட்டதாக அவர் மகன் எங்கள் குழுவில் போட்டான். அதற்குப் பிறகு அதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

நானூறு கமெண்டைப் பார்த்த எரிச்சலில் அந்த வீடியோவை ஆரோக்கியத்துக்கு அனுப்பினேன். உடனே பதில்: “அவரு சொன்னதே இருக்கட்டும் மேடம். ஸ்ரீரங்கம்தான்.”

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் என் உயிரை வாங்கிவிட்டு இப்போது விட்டுக்கொடுக்கிறாராம். ‘ஜீயபுரம்’ என்று அடித்தேன். அழித்தேன். “அதெல்லாம் ஒத்துக்க முடியாது, முசிறிதான்” என்று அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்து வந்தது: “அப்ப தூரத்துல கோபுரம் தெரியுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

“அது கோபுரம் இல்லீங்க, மலை.”

அடுத்த வரி சடகோபனுடையது. நான் அடிக்கவில்லை. அவரும் அடிக்கவில்லை.